பண் காத்த அவைகள்

திருச்சிற்றம்பலம்.

சைவ நன்மக்கள் நாடோறும் ஓதிவரும் தேவாரத் திருப்பதிகங்கள் இயற்றமிழ் மாத்திரம் அல்ல, இசைத்தமிழும் ஆம். பதிகந்தோறும் தலைப்பிற் பண்ணின் பெயர் பொறிக்கப்பட்டிருத்தலை யாவரும் அறிவர். நட்டபாடை, தக்கராகம், பழந்தக்கராகம், கொல்லி, கௌசிகம், பஞ்சமம் என இவ்வாறு வரும் பண்கள் இருபத்துமூன்று என்பது வழங்கும் கணக்கு. பாட்டின் சொற்கள் ஏட்டில் எழுதப்பட்டன. ஆதலின் அவை நின்றன. பண்ணோ எனின், அதன் பெயர் எழுதப்பட்டதேயன்றி அதன் வடிவம் எழுதப்பட்டிலது. எழுதப்படாத ஒன்று ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளையும் கடந்து நம் செவிக்கு எட்டியது எவ்வாறு? இவ்வினாவிற்கு விடை காண்டலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருமுறை கண்ட வரலாற்றினை முதற்கண் நினைவு கூர்தல் தகும். தில்லையம்பலத்தில் மூவர் கையடையாளத்துடன் பூட்டப்பெற்றிருந்த ஏடுகளை நம்பியாண்டார் நம்பிகளும் சோழமன்னனும் வெளிப்படுத்தினர் என்றும், செல்லரித்தன போக எஞ்சியவற்றைத் தொகுத்தனர் என்றும் திருமுறைகண்ட புராணம் கூறும். அதனோடு அவ்வரலாறு முடிந்ததாக நம்மிற் பலர் கருதுகின்றனர். முடிந்திலது. ஏடு கிடைத்த பின்னரும் பண் கிடைத்திலது. அதனை வேண்டி மன்னனும் நம்பியும் சென்று சேர்ந்த இடம் யாது? பெரும்புலவர் அவையும் அன்று. ஏட்டுச்சுவடி அடுக்கிய பண்டாரமும் அன்று. திருஎருக்கத்தம்புலியூரிலே, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியின் இல்லமே அது. அவ்வம்மையார் பாடிக் காட்டவே பண்கள் வகுக்கப்பட்டன என்பது அவ்வரலாறு. இதன் கருத்து ஊன்றி நோக்கத்தக்கது. சொல் ஏட்டில் வாழும். பண் மிடற்றில் வாழும். மிடறு காக்கப்படாவழி ஏடு இருந்தும் பண் இல்லையாம்.

இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர் என்பதற்குக் கல்வெட்டுக்களே சான்று. திருவல்லத்துக் கோயிலிற் காணப்படும் நந்திவிக்கிரமவர்ம பல்லவனது 17-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, கோயிற்பணி செய்வார் வரிசையில் திருப்பதியம் பாடுவாரையும் குறித்து அவர்க்கு ஊதியம் வகுக்கின்றது. அதற்குப் பின் தஞ்சை இராசராசேச்சரத்தே முதல் இராசராச சோழன் செய்த ஏற்பாடு அளவாற் பெரிது. திட்பத்தால் அதனினும் பெரிது. திருப்பதியம் விண்ணப்பஞ் செய்யும் பிடாரர் 48 பேர். உடன் உடுக்கை வாசிப்பார் ஒருவர். கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவர். ஆக 50 பேர். ஆடவல்லான் என்னும் மரக்காலால் ஒவ்வொருவருக்கும் நாள் ஒன்றுக்கு முக்குறுணி நெல். கூட்டிப் பார்ப்பின் நாடோறும் நூற்றைம்பது குறுணி, அஃதாவது பன்னிரண்டரைக் கலம் நெல், பாட்டிற்கென்றே அளக்கப்பட்டதாம்.

அளந்த நெல்லினும் வியக்கத்தக்கது அக்கல்வெட்டின் மற்றொரு கூறு. அவருள் ஒருவர் இறந்துபடினும், ஊர்விட்டு நீங்கினும், அவர்க்கு அடுத்த முறையினர் அந்நெல்லைப் பெற்று அப்பணியைச் செய்தல் வேண்டும். அவர் தாமே பாட வல்லுநர் அல்லராயின், தகுதியுடைய பிறரை அமர்த்திப் பாடுவித்தல் வேண்டும் என்பது ஏற்பாடு. உறவின்முறை பற்றி ஊதியம் செல்லலாம். பாட்டு ஒருநாளும் தகுதியின்றி நிகழலாகாது என்பது கருத்து. ஒருவர் பாடிய பின் அவ்விடத்து மற்றொருவர் பாடுவார் உளர் என்னும் உறுதியே பண்ணைக் காக்கும் வேலியாம். இவ்வுறுதியைக் கல்லில் வெட்டுவித்த மன்னன், திருமுறைப் பண்ணின் இயல்பினை உள்ளவாறு அறிந்தவன் என்றே கொள்ளல் வேண்டும்.

இனி, இவ்வேலி தளர்ந்த காலத்தை நோக்குவோம். அரசுகள் மாறின; கோயில் நிலங்கள் பல கைமாறின; விளைவு குறைந்தவழி, முதலிற் குறைக்கப்பட்டது பாடுவார் பங்கேயாம். நாற்பத்தெண்மர் பாடிய தமிழ்நாட்டில், ஒரு கோயிலுக்கு ஓர் ஓதுவார் உளர் எனின் அதுவே பெரிது என்னும் நிலை வந்துற்றது. தருமபுரம், திருவாவடுதுறை, திருப்பனந்தாள் முதலிய திருமடங்கள் தம் பாடசாலைகளிலும் வழிபாடுகளிலும் ஓதுவார்களைப் புரந்திராவிடின், பண் முறை இந்நாட்டில் முற்றும் அற்றிருக்கும் என்பது மிகையன்று.

அவ்வாறே அரசவை இசைக்கும் ஓர் இறுதி வந்தது. 1855-ஆம் ஆண்டு தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாசி மறைந்த பின்னர் அவ்வரசு ஆங்கிலேயர் வசமாயிற்று. அவ்வவையிற் புரக்கப்பெற்ற வித்துவான்கள் பலர் புதிய புரவலரை நாடினர். காலப்போக்கிற் சென்னை முதலிய நகரங்களிற் சபைகள் தோன்றின. பலர் கூடிச் சிறுபொருள் ஈந்து ஒரு வித்துவானைப் பாடச் செய்து கேட்கும் இம்முறை, அரசன் ஒருவன் புரந்த இடத்தை ஊரார் பலர் கூடிப் புரக்கும் முறையாதலின் நன்முறையே. ஆயினும் அச்சபைகளின் மேடையில் ஓதுவார்க்கு இடம் அரிதாயிற்று. கோயிலும் அவரைப் போற்றவில்லை. சபையும் அவரை அழைக்கவில்லை. இரண்டிற்கும் இடையே பண் நலிவுற்றது.

இந்நிலையிலே, இசையை ஆராய்வதற்கென்றே ஓர் அவை தஞ்சையில் 1912-ஆம் ஆண்டு தோன்றியது. அதனை நிறுவியவர் மன்னரும் அல்லர்; மடாதிபதியும் அல்லர்; சித்த மருத்துவராகிய ஆபிரகாம் பண்டிதர் என்பார். அவர் கிறித்தவ சமயத்தவர். தஞ்சை சங்கீத வித்தியா மகாசன சங்கம் என்பது அவ்வவையின் பெயர். தாம் மருந்து விற்றுத் தேடிய பொருளைக் கொண்டு, பல இடங்களிலிருந்து வித்துவான்களை வருவித்து, உணவும் உறையுளும் அளித்து, பாடுவித்தும் வினவியும் ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியின் பயனாக 1917-இல் வெளிவந்ததே கருணாமிர்தசாகரம் என்னும் பெருநூல். அவர்தம் சுருதிக் கணக்கினை மறுப்பார் அன்றும் உளர், இன்றும் உளர். அது நிற்க. பாடுவாரை ஓரிடத்துக் கூட்டி, அவர்தம் மிடற்றையே சான்றாக வைத்து ஆராயும் நெறியைத் தமிழ்நாட்டிற் புதுக்கியவர் அவரே என்பதில் நாம் நன்றி மறத்தலாகாது. சமயம் வேறாயினும் தமிழிசைக்குச் செய்த தொண்டு தொண்டேயாம்.

அந்நெறி பின்னும் விரிந்தது. செட்டிநாட்டரசர் அண்ணாமலைச் செட்டியார் 1929-ஆம் ஆண்டு தில்லையில் இசைக்கல்லூரியை நிறுவினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் அவ்வாண்டே தோன்றிற்று. 1940-இல் தமிழ்ப்பாடல்களைப் பயிற்றுதற்கும் வளர்த்தற்கும் பதினாயிரம் ரூபாய் நிதி வழங்கினார். 1941-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் அண்ணாமலைநகரிலே முதல் தமிழிசை மகாநாடு கூடிற்று. அதன்பின் நாட்டின் பிற ஊர்களிலும் இத்தகைய மகாநாடுகள் கூடின. 1943-ஆம் ஆண்டு சென்னையில் தமிழிசைச் சங்கம் நிறுவப்பெற்றது. ஆர். கே. சண்முகஞ் செட்டியார் அதன் முதல் தலைவராயினார். இராசகோபாலாசாரியார், கல்கி, டி. கே. சிதம்பரநாத முதலியார் முதலியோர் அவ்வியக்கத்திற்கு எழுத்தாலும் பேச்சாலும் அரண் செய்தனர்.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. 1928-இல் தோன்றியிருந்த சென்னை மியூசிக் அகாடமியார், கருநாடக இசையின் உயர்ந்த தரத்தைக் காத்தலே யாவர்க்கும் குறிக்கோளாதல் வேண்டும் என்றும், மொழி பற்றிய எண்ணத்தைப் புகுத்தி அத்தரத்தைக் குறைத்தல் ஆகாது என்றும் 1941-ஆம் ஆண்டு தீர்மானித்தனர். இதனை நடுநிலையோடு ஆராய்தல் வேண்டும். தரம் காக்கப்படல் வேண்டும் என்பது யாவர்க்கும் உடன்பாடே. தியாகராசர் முதலிய பெரியோரின் கீர்த்தனங்களை இகழ்வார் தமது இசையறிவையே இகழ்வாராவர். ஆயினும் தமிழ் மொழியிற் பாடின் தரம் குறையும் என்று அஞ்சுதற்கு இடன் யாது? யாழின் துணையொடு ஞானசம்பந்தப் பெருமான் பாடிய பதிகங்களையும், முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை ஆகியோர் கீர்த்தனங்களையும் உடைய மொழி அது. உண்மையிற் குறைந்தது பாட்டின் தரம் அன்று. பாடுவார்க்குக் கிடைத்த ஆதரவே. பயிலுநர் இன்மையாற் பாட்டு வறியதாகத் தோன்றிற்று; வறியதாகத் தோன்றவே பயிலுநர் பின்னும் குறைந்தனர். இச்சுழலை அறுத்தற்கு வேண்டுவது வாதம் அன்று, மேடையும் ஊதியமும் எனக் கண்டதே தமிழிசைச் சங்கத்தாரின் நுண்ணறிவு. பல்கலைக்கழகத்தார் தமிழ்ப்பாடல்களைச் சுரக்குறிப்போடு தொகுதி தொகுதியாக வெளியிட்டனர்; சங்கத்தார் ஆண்டுதோறும் திசம்பரில் இசைவிழா எடுத்தனர்.

இவற்றுள் சைவராகிய நாம் சிறப்பாகப் போற்றுதற்குரியது மற்றொன்று. நிறுவிய அரசர் 1948-இல் சிவபதம் எய்தினார். அடுத்த ஆண்டாகிய 1949 முதல் சங்கத்தார் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களை ஆண்டுதோறும் நடத்தலாயினர். 1952-இல் உயர்நீதிமன்றத்தின் அருகே எழுந்த இராசா அண்ணாமலை மன்றம் அவற்றிற்கு நிலையான இடமாயிற்று. ஒரு பண்ணை எடுத்துக்கொள்வர். ஓதுவார்கள் தத்தம் ஆசிரியர் மரபில் அதனைப் பாடிக் காட்டுவர். இசைப்புலவர் அதன் சுரநிலைகளை அளந்து கூறுவர். தமிழ்ப்புலவர் பழைய நூல்களிலும் உரைகளிலும் அப்பண்ணைப் பற்றி வருவனவற்றை எடுத்துரைப்பர். ஒத்தவை எவை, மாறுபட்டவை எவை என ஆராய்ந்து ஒரு முடிபு காண்பர். ஐயம் தீராதவிடத்து மீண்டும் ஆராய்வர். அம்முடிபுகளின் தொகுப்பு நூலாகவும் வெளிவந்துளது.

இம்முறையில் ஓதுவார் பெற்ற நிலையைக் கருதுக. கோயிலின் ஒருபுறத்தே நின்று பாடிவிட்டுச் செல்பவராக எண்ணப்பட்டவர், ஈண்டு அவையின் நடுவே சான்றாக அமர்ந்தார். கௌசிகத்தைப் பைரவியாகவும், மேகராகக் குறிஞ்சியை நீலாம்பரியாகவும், செந்துருத்தியை மத்தியமாவதியாகவும், புறநீர்மையைப் பூபாளமாகவும் பாடிவரும் வழக்கிற்கு ஆதாரம் யாது என வினவியவிடத்து, எங்கள் ஆசிரியர் இங்ஙனம் பாடினார், அவர்க்கு அவர் ஆசிரியர் இங்ஙனம் பயிற்றினார் என்பதே அவர்தம் விடை. கல்வெட்டிற் கண்ட அடுத்த முறையினர் என்னும் சொல்லாட்சியின் பொருள் இதுவேயன்றோ!

அற்றேல், இக்காலத்து இராகம் அக்காலத்துப் பண்ணேயாமோ, இடையில் வழக்குத் திரிந்திருத்தல் கூடாதோ எனின், கூடும். சம்பந்தப் பெருமான் திருவாய் மலர்ந்த ஓசையை இன்று அளந்து காட்டவல்லார் ஒருவரும் இலர். விபுலானந்த அடிகள் 1947-ஆம் ஆண்டு சூன் திங்களில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தார் ஆதரவொடு, திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே அரங்கேற்றிய யாழ்நூல், பாலைத்திரிபு முதலிய பழைய இலக்கணங் கொண்டு பண்ணின் உண்மை வடிவத்தைக் காண முயன்றது. அதனுள் தேவாரப் பண்களுக்கென்றே ஓர் இயல் உண்டு. ஓதுவார் வழக்கும் அந்நூன்முடிபும் எல்லாவிடத்தும் ஒத்திலது என்பதும் உண்மையே. ஆயினும் ஒவ்வாமை கண்டு வழக்கினைத் தள்ளுவார் ஒன்று மறந்தாராவர். ஒப்பிட்டு நோக்குதற்கேனும் வழக்கு உயிரோடிருத்தல் வேண்டும். கணக்கினை நாளையும் செய்யலாம். ஏடு உள்ளவரை அஃது எங்கும் போகாது. மறைந்த மிடற்றை நாளை அழைத்து வினவல் இயலாது.

இதனை அடியேன் நூலாற் கற்றிலேன், இழப்பாற் கற்றேன். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகட்கு முன், திருமடத்துப் பாடசாலை ஒன்றில் அடியேன் தமிழ் பயின்ற காலத்து, அணித்தாயதொரு சிற்றூர்க் கோயிலில் முதிய ஓதுவார் ஒருவர் இருந்தார். விடுமுறை நாட்களில் அடியேன் ஆண்டுச் செல்வதுண்டு. ஒலிபெருக்கி இல்லை; பக்கவாத்தியம் இல்லை; கையில் ஒரு தாளம் மட்டுமே. அர்த்தமண்டபத்தில் நின்று அவர் பாடுவது இரண்டாந் திருச்சுற்றில் தெளிவாகக் கேட்கும். அவர் பெற்றது சிறிது நெல்லும், கைச்செலவிற்கும் போதாத சிறு தொகையுமே. பஞ்சமத்தை அவர் பாடிய முறை, பிற்காலத்து அடியேன் கேட்ட எவர் முறையையும் ஒத்ததன்று. ஓரிடத்தே குரல் இறங்கி நின்று, உடனே மேற்செல்லாது, சிறிது தயங்கி எழும். அத்தயக்கம் கேட்டார் உள்ளத்தை உருக்குவது. அவர் மகனார் பிழைப்பு நாடி வெளியூர்க் கடையொன்றில் அமர்ந்துவிட்டார். மாணாக்கர் எவரும் வாய்த்திலர்.

சென்னையில் ஆண்டுதோறும் பண் ஆராய்ச்சி நிகழ்தலை அடியேன் அக்காலத்தே அறிந்திருந்தேன். அவரை ஆண்டு அழைத்துச் செல்லல் வேண்டும் என ஊரார் சிலரிடம் கூறியதும் உண்டு. வண்டிச்செலவிற்கு யார் தருவார் என்றனர். அடியேன் அப்போது மாணாக்கன். பின்னர் ஆசிரியப் பணி பெற்றுப் பொருள் ஈட்டிய காலத்தும், அடுத்த ஆண்டு ஆகுக, அதற்கடுத்த ஆண்டு ஆகுக என நாள் கடத்தினேன். ஒரு மார்கழியில் அவர் சிவப்பேறு எய்தினார் என்னும் செய்தி வந்தது. அவர் பாடிய பஞ்சமம் அவரோடு சென்றது. அடியேன் செவியில் அதன் நிழல் உளது; மிடற்றில் இல்லை. மூவர் தமிழைப் பிழையறப் பொருள் கூறிப் பயிற்றி ஓய்வு பெற்ற ஒருவன், ஒரு பண்ணின் ஒரு மரபினை ஒரு வண்டிச்செலவின் அளவுக்குக் காவாது விட்டான் என்பதை இம்முதுமையில் எண்ணுந்தோறும் நாணுகின்றேன்.

இனி, செய்யத்தக்கது யாது எனச் சிறிது கூறி முடிப்பாம். தமிழிசைச் சங்கத்தின் விழாவும் பண் ஆராய்ச்சியும் இன்றும் நடைபெறுகின்றன. இசைப்புலவர்க்கு இசைப்பேரறிஞர் என்னும் பட்டம் அளிப்பதோடு, திருமுறை பாடுவார்க்குப் பண் இசைப்பேரறிஞர் என்னும் பட்டமும் அளித்து அவர் சிறப்பிக்கின்றனர். மடங்களின் தேவாரப் பாடசாலைகளும் தம் பணியைத் தொடர்கின்றன. 2021-ஆம் ஆண்டு, மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் திருக்கோயிலில் ஒரு பெண்மணி ஓதுவாராக அமர்த்தப்பெற்றார். இது புதுமை எனச் சிலர் வியந்தனர், சிலர் ஐயுற்றனர். எருக்கத்தம்புலியூர் அம்மையாரை நினைவார்க்கு அஃது ஐயத்திற்கு இடனாகாது. நமக்குப் பண்ணை மீட்டளித்ததாக நம் புராணம் கூறும் மிடறே ஒரு பெண்மணியின் மிடறன்றோ!

ஆயினும் தலைநகரத்து அவை ஒன்றே நாடு முழுவதற்கும் போதியதாகாது. இராசராசன் நெல் அளந்தது உள்ளூர்ப் பண்டாரத்தினின்றே என்பதை ஓர்க. ஊர்தோறும் அன்பர் பத்துப்பேர் கூடி ஒரு சிறு சபை அமைத்தல் அரிதன்று. அச்சபை பெரிய மண்டபம் எடுக்க வேண்டுவதில்லை. பட்டம் வழங்க வேண்டுவதில்லை. தம்மூர்க் கோயிலில் ஓதுவார் உளராயின் அவர் இல்லத்து அடுப்பு எரிகின்றதா என நோக்குக. திங்களுக்கு ஒருநாள் அவரைத் திருமுன் அமர்த்தி, ஒலிபெருக்கி இன்றி, ஒரு பண்ணை முற்றும் பாடுவித்துக் கேட்க. ஊர்ப்பிள்ளைகள் இருவரையேனும் அவர்பால் விடுக்க. அவர் முறை பிற முறையோடு மாறுபடுமாயின், அதனைத் திருத்த முற்படாது, உள்ளவாறே பதிந்து வைத்து, அறிஞர் அவைக்கு அவரையே அழைத்துச் செல்க. ஓதுவார் இல்லாத ஊராயின், அடுத்த ஊரிலிருந்து ஒருவரை வருவித்தேனும் இதனைச் செய்க.

திருமுறைக்கு அச்சுப் பதிப்புக்கள் பல உள. அவற்றுள் ஒன்று தொலையின் மற்றொன்று வாங்கலாம். பாடுவார் ஒருவர் மறையின், அவர் பயிற்றாது விட்டது எக்கடையிலும் கிடையாது. ஆதலின், பண்ணைக் காத்தலாவது பாடுவாரைக் காத்தலே என்பதை அன்பர்கள் உளங்கொண்டு, அடியேன் நாள் கடத்தியதுபோலக் கடத்தாது, இவ்வாண்டே தத்தம் ஊரில் இதனைத் தொடங்குவாராக. அதற்கு அம்பலவாணர் திருவருள் முன்னின்று உதவுக.

திருச்சிற்றம்பலம்.